எண்பத்தேழு புளியங்கொட்டை

ராஜாராமன் பேயாண்டிக்குத் தரவேண்டிய பாக்கி இரண்டு ரூபாய் பதினொன்றரை அணா. அது எப்படி வந்தது என்று யாராவது கேட்டால் பேயாண்டி மடியில் முடிந்து வைத்திருந்த துணியை அவிழ்த்து எண்பத்தேழு புளியங்கொட்டையைக் காட்டுவான். நடைக்கு அரையணா, எண்பத்தேழு நடை. கணக்கில் ஒரு பிசகும் கிடையாது.

மதுரை கீழமாசி வீதி மண்டிகளில் மூடை தூக்குகிறவர்களுக்கு அப்போது அதுதான் கணக்கு. காலையில் வேலைக்கு இறங்கும்போது ஒரு பிடி புளியங்கொட்டையை இடது மடியில் கட்டிக்கொள்வார்கள். வண்டியிலிருந்து ஒரு மூடையைக் கிட்டங்கியில் இறக்கினால் ஒரு கொட்டை வலது மடிக்குப் போகும். பொழுது சாயும்போது கணக்குப்பிள்ளை தாளைப் பார்ப்பார், ஆள் மடியைப் பார்ப்பான். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். பேயாண்டியின் மடி இருபத்திரண்டு வருஷமாகப் பொய் சொன்னதில்லை. மண்டி முதலாளி ஷேக் தாவூதே, "தாளைப் போடுங்கய்யா அங்கிட்டு, பேயாண்டிகிட்டக் கேளுங்க" என்பார்.

அந்த மாசி மாதம் காலேஜ் படிக்கிற இரண்டு பிள்ளைகள் மண்டிக்கு வந்து நின்றார்கள். ஒருவன் ராஜாராமன், கோச்சடையில் பெரிய வக்கீல் வீட்டுப் பிள்ளை. கழுத்தில் தோல்வாரில் ஒரு பெட்டி தொங்கியது. சாவி கொடுத்தால் கிர்ரென்று ஓடும், எதிரில் நடப்பதையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். மற்றவன் அனந்தராமன், கையில் நோட்டும் காதில் பென்சிலும். மதுவிலக்குக்காக ஒரு சபை இருந்தது. அது மாணவர்களுக்கு ஒரு போட்டி வைத்திருந்தது. பத்து நிமிஷம் ஓடுகிற பேசாத படம் ஒன்று எடுத்துக் கொடுக்க வேண்டும். பரிசு ஐம்பது ரூபாய். இந்த விவரம் எதையும் அவர்கள் மண்டியில் சொல்லவில்லை. படம் பிடிக்க வேண்டும், மூடை தூக்க ஆள் வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள்.

"உனக்கு நாள் கூலி எவ்வளவுய்யா?" என்று கேட்டான் ராஜாராமன்.

"எங்களுக்கு நாள் கூலி இல்ல சாமி, நடைக் கூலிதான். தரையில காலணா, படி ஏறுனா அரையணா."

"படிதான். அரையணாவே வச்சுக்கோ."

பக்கத்தில் மூடைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த சேக் இஸ்மாயில் தலையை நிமிர்த்தினான். "மாப்ள, மீசைய நல்லா முறுக்கிக்க. இனிமே உன் மூஞ்சியப் பாக்க நாங்க கொட்டகையில ரெண்டணா குடுக்கணும். இப்பச் சும்மா பாத்துக்கிறோம்."

கோச்சடையில் வைகை ஓரமாக ஒரு படித்துறை. பதினாலு படி. சனிக்கிழமை விடிந்ததும் பேயாண்டி அங்கே போய்விட்டான். ஒரு மூடை நெல் தயாராக இருந்தது.

"சாமி, படத்துக்குத்தானே? உமியப் போட்டுக் கட்டுனா என்ன? பாக்க ஒண்ணுபோலத்தான் இருக்கும்."

"உமின்னா முகத்துல கஷ்டம் தெரியாதுய்யா. எல்லாம் நிஜமா இருக்கணும்."

அந்தச் சொல்லைப் பேயாண்டி பிற்பாடு பல தடவை நினைத்துக்கொண்டான்.

பெட்டிக்குள் போடுகிற சுருள் பம்பாயிலிருந்து வரவேண்டும். விலை அதிகம். அதனால் ராஜாராமன் பெட்டியை ஓட்டாமல் கண்ணை மட்டும் அதில் வைத்துப் பார்ப்பான். "ஏறு" என்பான். பேயாண்டி ஏறுவான். நிழல் சரியில்லை, இன்னொரு தடவை. கால் முன்னே பின்னே விழுந்துவிட்டது, இன்னொரு தடவை. குறுக்கே காக்கை போய்விட்டது. அனந்தராமன் தும்மிவிட்டான். எல்லாம் கூடிவந்த பிறகுதான் பெட்டி ஓடும். மேலே ஏற்றிய மூடையைப் பேயாண்டியே கீழே இறக்கிக் கொண்டுவருவான். இறக்குகிற நடைக்கு எப்போதும் கூலி கேட்பதில்லை. ஏறிய ஒவ்வொரு நடைக்கும் ஒரு கொட்டை இடமிருந்து வலம் போயிற்று. மத்தியானம் கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது தொடை தானாக ஆடியது.

மறுநாளும் மூடைதான். வெயில் தாழ்ந்த பிறகு ஒரு மண்கலயத்தைக் கையில் கொடுத்தார்கள்.

"என்னா சாமி இது?"

"மோர்தான். எங்காத்து மோர். அண்ணாந்து குடி, கடைவாயில வழியட்டும். குடிச்சிட்டுக் களைப்பா ரெண்டு அடி தள்ளாடி நட."

தள்ளாட அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பிறகு ஒரு தெருநாயைக் கொண்டுவந்து விட்டு, "அதைக் கையை ஓங்கி விரட்டு, கோபமா" என்றார்கள். விரட்டினான். நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிற்று.

பொழுது போனதும் ராஜாராமன் இரண்டணாவை எடுத்து நீட்டினான்.

"நாலு நடை ஓடித்து. ரெண்டணா சரியாப்போச்சா?"

பேயாண்டிக்கு விளங்கவில்லை. "தொண்ணூத்தியோரு நடை சாமி" என்று வலது மடியைத் தொட்டுக் காட்டினான்.

"பெட்டி ஓடினது நாலு தடவைதானேய்யா!"

அனந்தராமன் சிரித்தான். "ஒரே மூட்டையை எத்தனை தடவை தூக்கினா என்ன? மூட்டை ஒண்ணுதானே?"

"மூடை ஒண்ணுதான் சாமி. முதுகும் ஒண்ணுதான்."

ராஜாராமன் கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது. "பரிசு வரட்டும். பாக்கியைத் தந்துடறேன்" என்றான். பேயாண்டி நாலு கொட்டையை ஆற்றில் விட்டெறிந்தான். மிச்சம் எண்பத்தேழைத் துணியில் முடிந்துகொண்டான்.

கதை அந்தப் பாக்கியோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. வராத பாக்கி அவனுக்குப் புதிதா என்ன? ஆனால் அதற்கு முந்தின தை மாதம் வேறொரு காரியம் நடந்திருந்தது.

அவன் மகள் தங்கப்பொண்ணுவை அழகர்கோவிலுக்குக் கீழே ஒரு சிற்றூரில், வெள்ளைத்துரை என்பவரின் மகன் காளைக்குப் பேசி முடித்திருந்தார்கள். வைகாசியில் கல்யாணம். வெள்ளைத்துரை நகை கேட்கவில்லை, வண்டி மாடு கேட்கவில்லை. அவருடைய மூத்த மகளை ஒரு குடிகாரனுக்குக் கொடுத்து, இரண்டு வருஷத்தில் பாடையில் வாங்கியிருந்தார். அதனால் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "உங்க வீட்டுல குடி உண்டா சம்மந்தி?"

"எங்க அப்பன் குடிச்சே செத்தான். நான் நாக்குல வச்சதில்ல."

"இதைக் கருப்புகிட்ட வந்து சொல்லுவீகளா?"

அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பின் சந்நிதி என்பது பூட்டிய கதவுதான். அந்தக் கதவுக்கு முன்னால் சூடத்தைக் கொளுத்தி, சொல்ல வேண்டியதைச் சொல்லிக் கையால் அணைத்தால் அது சத்தியம். கோர்ட்டில் பொய் சொல்லிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு வருகிறவன்கூட அந்தக் கதவுக்கு முன்னால் வாயை மூடிக்கொள்வான். அங்கே பொய்ச் சத்தியம் செய்தவன் வீட்டில் பெண் எடுக்க அந்தப் பக்கத்தில் எவனும் வரமாட்டான். எடுத்தால் அந்த வினை எடுத்தவன் வீட்டுக்கும் வரும் என்பார்கள். பேயாண்டி போனான், சொன்னான், சூடத்தை அணைத்தான். உள்ளங்கையில் வெந்த புண் இன்னும் ஆறாமல்தான் கோச்சடையில் மூடை தூக்கினான்.

பங்குனி பாதியில் கல்யாணத்துக்கு நாள் குறிக்க வெற்றிலை பாக்கோடு சம்பந்தி ஊருக்குப் போனான். அன்றைக்கு அந்த ஊரில் ஒரே அமளி. மதுவிலக்குச் சபையின் மோட்டார் வண்டி வந்திருந்தது. புளியமரத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் வெள்ளை வேட்டி கட்டியிருந்தார்கள். இருட்டினதும் படம். படம் என்ற ஒன்றை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. வெள்ளைத்துரை அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் முன்வரிசையில் உட்கார வைத்தார்.

வேட்டியில் வைகை ஓடிற்று. படித்துறை வந்தது. மூடையோடு ஒருவன் ஏறினான்.

"அடேய், நம்ம சம்மந்திடா!" என்று வெள்ளைத்துரை எழுந்தே விட்டார். கூட்டம் கைதட்டியது. பேயாண்டிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தன் முதுகு எப்படியிருக்கும் என்று நாற்பத்திரண்டு வயசில் அன்றைக்குத்தான் பார்த்தான். இம்புட்டு வளைஞ்சா போச்சு என்று நினைத்தான்.

படம் நின்று எழுத்து வந்தது. பேயாண்டி இரண்டு வருஷமாகத் தொழிலாளர் சங்கத்துப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கற்றுக்கொண்டவன். கடைப் பலகைகளை நின்று நின்று படிப்பான். பலகை அப்படியே இருக்கும், இந்த எழுத்து இருக்கவில்லை. அவன் முதல் சொல்லைக் கூட்டி முடிப்பதற்குள் ஓடிவிட்டது. பிறகு கலயம் வந்தது. அவன் அண்ணாந்து குடித்தான். கடைவாயில் வெள்ளையாக வழிந்தது. தள்ளாடினான். மறுபடி எழுத்து. இந்தத் தடவை பெரிதாக ஒரே ஒரு சொல். அதைக் கூட்டி முடிக்க அவனுக்கு நேரம் கிடைத்தது.

கு. டி. கா. ரன்.

கையை ஓங்கினான். நாயைக் காணோம். நாய் இருக்க வேண்டிய இடத்தில் சேலை கட்டிய ஒருத்தி, முகத்தை மூடிக்கொண்டு தரையில் விழுந்து கிடந்தாள். அவளை அவன் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

கைதட்டல் எப்போது நின்றது என்று தெரியவில்லை. வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த ஊர் முழுதும் இப்போது அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சம்மந்தி, அது நீங்கதானே?" என்றார் வெள்ளைத்துரை.

"நான்தான். ஆனா அது மோரு."

"வெள்ளையாத்தான் இருந்துச்சு. கள்ளும் வெள்ளைதான்."

"அந்தப் பொம்பளைய நான் பாத்ததே இல்ல. நான் நாயை விரட்டுனேன்."

பின்னாலிருந்து ஒரு குரல், "நாயி எங்கடா போச்சு? சேலை கட்டிக்கிச்சா?" என்றது. யாரும் சிரிக்கவில்லை. கிழவி ஒருத்தி, "கருப்புக்கு முன்னால சூடத்த அணைச்ச கைதானா அது?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு குடியைப் பற்றிப் பேச்சே இல்லை, சத்தியத்தைப் பற்றித்தான். குடிகாரனையாவது திருத்திவிடலாம்.

வெள்ளைத்துரை நல்ல மனுஷர். அவனை ஊர் எல்லை வரைக்கும் கொண்டுவந்து விட்டார். "அமாவாசைக்கு முந்தின வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்கேன். கலயத்தை உங்க கையில குடுத்தவன் வரட்டும். அதே கதவுக்கு முன்னால நின்னு மோருன்னு சொல்லட்டும். நான் ஊருக்குப் பதில் சொல்லிக்கிறேன்."

மறுநாள் மண்டியில் இதைக் கேட்டதும் சேக் இஸ்மாயில் கொக்கியைக் கீழே போட்டான். "நான் வந்து சொல்றேன் மாப்ள. நான்தான் மோர் ஊத்துனேன்னு சொல்லிப்புடுறேன். எனக்கென்ன, எங்க அல்லாவும் உங்க கருப்பும் பேசித் தீத்துக்கட்டும்."

"நீ அங்கன இருந்தியா?"

"இல்ல."

"அப்பக் கம்முனு கிட."

பேயாண்டி கோச்சடைக்குப் போனான். ராஜாராமன் மாடியில் பயணத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். பரீட்சை முடிந்துவிட்டது, பரிசும் வந்துவிட்டது. பேயாண்டியைப் பார்த்ததும், "பாக்கிதானே? மறந்தே போயிட்டேன் பாரு" என்றான்.

"பாக்கி வேணாம் சாமி. அம்புட்டையும் விட்டுடுறேன். ஒரு நாள் எங்கூட வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லணும்."

விஷயத்தைக் கேட்டுவிட்டு ராஜாராமன் சிரித்தான். சிரித்தது தப்பு என்று தெரிந்து நிறுத்தினான். "படம்யா அது. படம்னா நிஜமில்லேன்னு அவாளுக்குத் தெரியாதா?"

"தெரியாது சாமி. எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுச்சு." பிறகு, "அந்த நாய் எங்க சாமி?" என்று கேட்டான்.

"நாய் வந்த துண்டைக் கத்தரிச்சு எடுத்துட்டோம். அந்த இடத்துல வேற துண்டை ஒட்டினோம். அந்தப் பொம்பளை எங்க காலேஜ் பையன்தான்." அதைச் சொல்லும்போது ராஜாராமனுடைய முகத்தில் ஒரு பெருமை வந்தது. "எல்லாரும் அந்த இடத்தைத்தான் பாராட்டினா."

"அந்த நாயை ஒட்டித் தரமுடியுமா சாமி?"

ராஜாராமன் பெட்டியின் வாரை இழுத்துக் கட்டினான். பிறகு, "வெள்ளிக்கிழமை கார்ல வரேன். பத்து மணிக்கு" என்றான்.

வீட்டில் தங்கப்பொண்ணு உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டே கேட்டாள். "வருவாகளாப்பா?"

"வாரேன்னு சொன்னாரு."

"அந்தப் படத்துல அடி வாங்குனவ எப்படி இருந்தா?"

"அவ இல்லம்மா, அவன். காலேஜுப் பய."

"ஒரு பய சேலையக் கட்டிக்கிட்டு விழுந்ததுக்கு நான் எந்திரிக்க முடியாம கிடக்கேன்." அவள் சிரிக்கத்தான் பார்த்தாள். "அவரு வரலைன்னா இந்த வீட்டுக்கு இனிமே யாருப்பா வருவா?"

வெள்ளிக்கிழமை விடியும்போதே பேயாண்டி கதவுக்கு முன்னால் நின்றான். மடியில் அந்தத் துணிமுடிப்பு. சத்தியம் முடிந்ததும் ராஜாராமனுக்கு எதிரிலேயே கொட்டைகளைக் கொட்டிவிட வேண்டும் என்று எடுத்து வந்திருந்தான். ஒன்பது மணிக்கு வெள்ளைத்துரை வந்தார். கூட ஊர்க்காரர்கள் நாலு பேர். அதில் ஒருத்தருக்கும் எழுத்து வாசனை கிடையாது. பத்து ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

பன்னிரண்டு மணிக்குக் கார் வந்தது. டிரைவர் மட்டும் இறங்கினார்.

"சின்னவரு நேத்தே ரயிலேறி மெட்ராஸ் போயிட்டாரு. மேல்படிப்பு. இந்தாங்க மூணு ரூபா, மீதிய வச்சுக்கச் சொன்னாரு. அப்புறம் இந்தப் புத்தகம். காலேஜுப் பத்திரிகை. படம் எடுத்த கதையெல்லாம் அந்த அனந்தராமன் ஐயா இதுல எழுதியிருக்காராம். அச்சுல இருக்கு, அதைப் படிச்சுக் காட்டினாலே போதும்னாரு."

வெள்ளைத்துரை நிமிர்ந்தார். "அச்சுலயா?"

"அச்சுல" என்றார் டிரைவர்.

"அச்சுல போட்டிருந்தாச் சரிதான். அச்சுல பொய்யப் போடுவாகளா? படிங்க சம்மந்தி. நீங்க படிச்சா நான் ஒத்துக்கிறேன், நீங்க நிக்கிற இடம் அப்படி."

பேயாண்டிக்கு மூச்சு வந்தது. ராஜாராமன் வராவிட்டாலும் கைவிடவில்லை. டிரைவர் தாள் செருகியிருந்த பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தார். பேயாண்டி கதவுக்கு நேரே நின்று விரலை வைத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தான். குரல் ஒவ்வொரு எழுத்திலும் இடறிற்று.

"எங்கள்… படத்தில்… நடிப்பு… என்பதே… இல்லை. எல்லாம்… உண்மை… என்பதே… எங்கள்… கொள்கை."

"நல்லாத்தானே எழுதியிருக்கு" என்றார் வெள்ளைத்துரை.

"வைகைக்… கரையில்… நாங்கள்… ஓர்… உண்மையான…"

விரல் அடுத்த சொல்லுக்குப் போய் நின்றுவிட்டது. அந்தச் சொல்லைக் கூட்ட வேண்டியதில்லை. புளியமரத்து வேட்டியிலிருந்து அது அவனுக்கு மனப்பாடம். கண் மட்டும் கீழே ஓடிற்று. அவன் குடித்தது உண்மை, அவன் தள்ளாடியது உண்மை என்று இருந்தது. மோர் என்ற சொல் இருக்கிறதா என்று தேடினான். பக்கம் முழுதும் தேடினான். புரட்டியும் தேடினான்.

அங்கே நின்றவர்களில் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். டிரைவருக்கும் தெரியாது. புத்தகத்தைக் கொடுக்கும்போது அவர் அதைத் தலைகீழாகத்தான் பிடித்திருந்தார். "உண்மையான கூலிக்காரனைக் கண்டோம், அவனுக்கு மோர் கொடுத்தோம்" என்று பேயாண்டி படித்தால், கேட்பவர்களுக்கு அதுதான் அச்சில் இருப்பது. அது பொய்யும் அல்ல. நடந்தது அதுதான். தங்கப்பொண்ணு வைகாசியில் கழுத்தில் தாலியோடு இந்த ஊருக்கு வந்துவிடுவாள்.

அவன் கதவை ஏறிட்டுப் பார்த்தான். கதவில் பூசியிருந்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. நடந்ததைச் சொல் என்று அவனை யாரும் இப்போது கேட்கவில்லை. எழுதியிருப்பதைப் படி என்றுதான் கேட்டார்கள்.

"உண்மையான… குடிகாரனைக்… கண்டுபிடித்தோம்" என்று படித்தான். நிறுத்தவில்லை. குடித்ததையும் தள்ளாடியதையும் படித்தான். புள்ளி வரைக்கும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினான்.

வெள்ளைத்துரை துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எழுதினவுக பொய் எழுதிட்டாக. அது மோருதான்" என்றான் பேயாண்டி.

"அப்ப ஏன் அப்படிப் படிச்சீக?"

"அப்படித்தானே எழுதியிருக்கு."

வெள்ளைத்துரை அவனை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவனுடைய கையிலிருந்த மூன்று ரூபாயைப் பார்த்தார். "எனக்கு என்னமோ நீ பொய் சொல்றவனாத் தெரியல, பேயாண்டி. ஆனா நான் ஊருக்கு என்னத்தைச் சொல்லுவேன்? கண்ணாலயும் பாத்தாச்சு, அச்சுலயும் கேட்டாச்சு. போதாததுக்குக் காசும் கை மாறியிருக்கு." சம்மந்தி என்ற சொல் போய்விட்டது. ஊர்க்காரர்கள் முன்னே நடந்தார்கள். அவரும் போனார்.

டிரைவர் தொண்டையைச் செருமினார். "கோவிச்சுக்காதீங்க. காசு வாங்கினதுக்கு ஒரு கைநாட்டு வாங்கிட்டு வரச்சொன்னாரு. பெரியவரு வீட்டுல எதுக்கும் கணக்கு வச்சிருப்பாக."

"எனக்குச் சேரவேண்டியது ரெண்டு ரூபா பதினொண்ணரையணா. மூணு ரூபா இல்ல."

"மீதிய வச்சுக்கச் சொல்லித்தான்…"

பேயாண்டி மடியைத் துழாவினான். திரும்பிப் போக வைத்திருந்த காசில் சரியாக நாலரை அணாவை எண்ணி டிரைவர் கையில் வைத்தான். இனி மதுரை வரைக்கும் நடைதான். அந்த நடைக்குக் கூலி கிடையாது. பிறகு துணிமுடிப்பை அவிழ்த்து எண்பத்தேழு கொட்டையையும் மதிலோரத்தில் கொட்டினான். அவை உருண்டு பரவின. ஆடு ஒன்று வந்து மோந்துபார்த்துவிட்டுப் போயிற்று.

டிரைவர் மைப்பெட்டியைத் திறந்தார்.

"மை வேணாம்" என்றான் பேயாண்டி. "பென்சில் இருக்கா?"

காரின் மட்கார்டில் தாளை வைத்து, பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி கோடு தவறாமல் எழுதினான். ரூ 2, அணா 11½ பெற்றுக்கொண்டேன். பாக்கி ஒன்றும் இல்லை. கீழே தன் பெயரை எழுதினான். எல்லா எழுத்தும் சரியாக வந்திருக்கிறதா என்று ஒரு தடவை கூட்டிப் பார்த்துவிட்டுத் தாளைக் கொடுத்தான்.